ஒரே நாடகக் குழுவிலிருந்து இருவர்

டுலூத் நகரில் இங்க்ரிட்டும் டெஸ்மண்டும் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழுவை நடத்திவந்தார்கள். எம்.பி.ஏ. படிக்கலாமா என்று அவள் கேட்டபோது அவன் சிரித்தான்.

"கம்பெனி வாசலையே மிதிக்காத உன்னை யாரு சேத்துக்குவா? போய் அசிங்கப்படாதே."

அவளும் விட்டுவிட்டாள். ஆனாலும் ஆசை அடங்காமல் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. அறிமுகக் கூட்டத்துக்குப் போனாள். அங்கே கழுத்தில் விண்ணப்பதாரருக்கான பெயரட்டையோடு டெஸ்மண்ட் நின்றிருந்தான்.

"நீ மட்டும் எந்தக் கம்பெனியில இருந்தே?"

"நம்ம குழுவுலேர்ந்து ரெண்டு பேரை எடுக்க மாட்டாங்க, இங்க்ரிட். அதான்..."

மேடையில் அவன் வசனம் மறந்தபோதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தவள் அவள். இங்க்ரிட் திரும்பிப் போகவில்லை. உள்ளே போய், விண்ணப்பிக்க என்ன வேண்டும் என்று முதல் ஆளாகக் கேட்டாள்.