ஒருசந்தி

ஸ்ரீரங்கத்தில் மாலை கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. லின்சி நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எதை எழுதாமல் விட்டோம் என்று அவள் மனம் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தது.

அந்த நோட்டில் தம்பி ஆசீரின் நான்கு மாதம் இருந்தது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுடைய காய்ச்சல், மாத்திரை, எத்தனை வாய் சாப்பிட்டான், எப்போது வாந்தி எடுத்தான், எல்லாம் நேரத்தோடு. கீமோவில் நோய் இப்போதைக்கு அடங்கியிருந்தது. திரும்பி வருவதற்குள் வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றியாக வேண்டும். அப்பா உயிரோடு இல்லை. பாதியாவது பொருந்தியவர்கள் இரண்டே பேர்: அம்மா பாக்கியமேரி, லின்சி.

தன்னுடையதைத்தான் எடுப்பார்கள் என்று லின்சி நம்பியிருந்தாள். டாக்டரம்மாவோ அம்மாவுடையதைத்தான் எடுக்க வேண்டும் என்றார். ரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் என்று ஒரு காவல் உண்டு. எதிரே வரும் செல்லில் தனக்குப் பழகிய அடையாளம் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் கொன்றுவிடும். லின்சியின் காவல் செல்கள் ஆசீரின் புற்றுச் செல்லைத் தன் ஆள் என்று விட்டுவிடக்கூடும். அம்மாவுடையவை விடாமல் அடிக்க வாய்ப்பு அதிகம். 'நான் ரொம்ப நெருக்கம், அதனால் என் செல் உதவாது' என்று அன்று எழுதினாள். சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டெம் செல் எடுப்பதற்கு முன் செய்த சோதனையில் அவளுடைய ஹீமோகுளோபின் ஏழரைக்கு இறங்கியிருந்தது. இந்த நிலையில் அவளிடமிருந்து எதையும் எடுக்க முடியாது; இரும்புச்சத்து ஏற்றி, நன்றாகச் சாப்பிட வைத்து, மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதுவரை நோய் பொறுக்குமா என்று லின்சி கேட்டாள். சொல்ல முடியாது என்றார்.

அவர் போனதும் அம்மா சொன்னாள்.

"ஒருசந்தி இருக்கேன். இவனுக்கு வந்த நாள்லேருந்து."

நாளுக்கு ஒருவேளைக் கஞ்சி, மற்ற நேரம் தண்ணீர். மகன் எழுந்து நடக்கும்வரை என்று கோயிலில் நேர்ச்சை. 'அப்பவே சாப்பிட்டுட்டேன்' என்று வகுப்பு முடிந்து வரும் லின்சியிடம் தினமும் சொன்னது பொய்.

லின்சி கேன்டீனிலிருந்து இரண்டு அவித்த முட்டை வாங்கி வந்தாள். அம்மா தொடவில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறினால் அவனுக்குத்தான் ஏதாவது ஆகும் என்றாள்.

"அவனுக்காக சண்டை போட வேண்டியது உன் எலும்புக்குள்ள இருக்கும்மா. அதைப் பட்டினி போட்டிருக்க."

"நாலு மாசமா எழுதிக்கிட்டே இருக்கியே. ஒரு நாளாவது நான் சாப்பிட்டேனான்னு எழுதினியாடி?"

லின்சி வார்டிலிருந்த ஆசீருக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, அம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்கு வாயெல்லாம் புண்ணும்மா, ஆனாலும் மூணு இட்லி தின்னேன்" என்றான் அவன். "உனக்கென்ன கேடு? தின்னு."

அம்மா போனை மடியில் கவிழ்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு முட்டையைக் கடித்தாள். மெல்லும்போதே கண்ணீர் வழிந்தது.

லின்சி புதுப் பக்கத்தில் 'அம்மா' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டாள். பாதி முட்டையோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டும் தின்னுட்டேன்னு எழுதிக்க."

லின்சி எழுதவில்லை. பேனாவைத் திறந்து வைத்தபடி, அம்மாவின் கையிலிருந்த மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.