பெருநாள் காலையில் தூங்கிப்போன தெரு

மகாரிமின் குரல் வாய்க்கால் வரைக்கும் போகும். கெய்ரோவின் ஸுவைலா வாசலுக்கு உள்ளே, எண்ணெய்க்காரர் தெருச் சின்னப் பள்ளிவாசலின் குட்டை மினாராவில் ஏறி அவர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பவன் மாட்டை நிறுத்திவிட்டுத் துண்டை உதறுவான். இதைச் சொன்னது மகாரிமேதான். வேறு யாரும் வாய்க்கால் வரை நடந்துபோய்ச் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் பாங்கு சொல்லும் மோதினார் ஆனது ஃபாத்திமி கலீஃபாக்களின் காலத்தில். அந்தக் காலத்தைப் பற்றி அவரிடம் கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வார். புத்தாண்டு ஊர்வலத்தில் கலீஃபாவின் தலைக்கு மேல் பிடித்த தங்கக் குடையின் நிழல் தன் தோளில் விழுந்ததைச் சொல்வார். நைலில் வெள்ளம் ஏறியதும் வாய்க்கால் கரையை வெட்டித் திறக்கும் நாளில், கெய்ரோ முழுக்கப் படகுகளில் ஏறிக்கொண்டு பாடியதைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே நோன்புப் பெருநாள் விருந்து. அரண்மனைச் சமையற்கட்டில் சர்க்கரையில் கோட்டை கட்டுவார்கள். சர்க்கரையில் சிங்கம், சர்க்கரையில் ஒட்டகச்சிவிங்கி. கலீஃபா எழுந்து உள்ளே போனதும் ஊர் ஜனம் பாய்ந்து அத்தனையையும் கொள்ளையடிக்க வேண்டும். அதுதான் மரியாதை. மிச்சம் வைத்தால் அரண்மனைக்கு அவமானம். அறியாத வயதில் மகாரிம் பெரியவர்களின் கால்களுக்கிடையே புகுந்து ஒரு சிங்கத்தின் வாலை ஒடித்துக்கொண்டு வந்தார். அதைக் கடித்ததில் ஒரு பல்லும் போனது. அந்தப் பேரரசோடு அவருக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். ஆனால் அவர் சொல்லிக் கேட்டால், ஆட்சியில் பாதி அவர் பொறுப்பில் இருந்ததுபோல் தோன்றும்.

அப்புறம் அது தேய்ந்தது. கலீஃபாக்கள் சின்னப் பிள்ளைகளாக வந்தார்கள். வஜீர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். சிலுவைக் கொடியோடு பிராங்குகளின் படை வாசல்வரை வந்தபோது, அவர்கள் கைக்குப் போகக் கூடாதென்று பழைய ஃபுஸ்தாத் நகரத்துக்கு நம் ஆட்களே தீ வைத்தார்கள். மகாரிமின் மாமனார் வீடு அதில்தான் போனது. உதவிக்கு வந்த ஷாம் என்கிற சிரியா நாட்டுப் படை, கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர் தங்கிவிடுவதுபோலத் தங்கிவிட்டது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, குத்பாப் பிரசங்கத்தில் நம் கலீஃபாவின் பெயருக்குப் பதிலாக பாக்தாத் கலீஃபாவின் பெயரை வாசித்தார்கள். கூட்டத்தில் யாரும் இருமக்கூட இல்லை. இருநூறு வருஷத்து ஆட்சி ஓர் இருமல்கூட இல்லாமல் முடிந்தது. மகாரிமும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் இருமவில்லை. தொண்டையைப் பாதுகாக்கத்தான் என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

புது ஆட்சியில் பாங்கு மாறியது. ‘செயல்களிலெல்லாம் சிறந்ததற்கு வாருங்கள்’ என்று நடுவே சொல்லிவந்த வரி கூடாது, அது பழைய ஆட்சியின் வரி. விடியற்காலைப் பாங்கில் மட்டும் ‘தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது’ என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மகாரிம் எதிர்க்கவில்லை. அவருக்கு எந்த வரியும் சம்மதம், இழுத்துச் சொல்ல இடம் இருந்தால் போதும். ஆனால் வாலிபத்திலிருந்து பழகிய நாக்கு. மனைவி ரய்யா சீரகம் இடித்துக்கொண்டே பல நாள் அவரைச் சொல்லவைத்துப் பார்த்தாள். ரமலான் முழுக்க ஒரு பிசகு இல்லை.

பெருநாள் அன்று விடியுமுன் மினாரா ஏறினார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அரண்மனைப் பக்கம் விளக்குகள் வரிசையாக எரியும், காய்ச்சிய சர்க்கரையின் வாசனை தெருவரைக்கும் வரும். இப்போது அங்கே ஒரு படைத்தலைவரின் குதிரைகளைக் கட்டியிருந்தார்கள். வாசனையும் அதற்கேற்றதாக இருந்தது. மகாரிம் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். நடுவில், அவரைக் கேட்காமலே, பழைய வரி வெளியே வந்தது. முழுக் குரலில், நல்ல இழுப்போடு.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் தும்மல் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த வரியை இரண்டு தடவை சொல்வது முறை. மகாரிம் முறை தவறாதவர். இரண்டாவது தடவை சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பதறிப்போய்ப் புது வரியை இன்னும் உரக்கச் சொன்னார். அன்றைய பாங்கில் இரண்டு ஆட்சியும் ஒன்றாகக் குடியிருந்தன.

கீழே இறங்கியபோது ரய்யா வாசலில் நின்றாள்.

“ரெண்டு தடவையா?” என்றாள்.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருக்கு. கழுதை மேல பின்பக்கம் பாக்க உக்காரவச்சு, தலையில மணி வச்ச குல்லாயை மாட்டி, அடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்துவாங்களே, அதுக்கும் ஒரு முறை இருக்கு.”

மகாரிமுக்கு அடியைவிடக் குல்லாய்தான் பயமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றியவரின் பாங்குக்குப் பிறகு எவன் எழுந்து வருவான்?

தெருமுனையில் தங்கியிருந்த ஒரு படைவீரன் அந்தப் பாங்கைக் கேட்டிருந்தான், புகாரும் கொடுத்துவிட்டான். பெருநாள் கொண்டாட்டம் அடங்கியதும் ஒரு பிற்பகல், பள்ளிவாசல்களையும் கண்காணிக்கும் கடைத்தெரு அதிகாரியின் உதவியாளர் பள்ளிவாசல் முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஷாம் நாட்டு ஹலபுக்காரர். களைத்த முகம், கெட்டவராகத் தெரியவில்லை. மகாரிமை ஓரமாக நிற்கவைத்தார். தெரு ஆண்கள் எல்லோரையும் வரச் சொன்னார். சட்டப்படி இரண்டு சாட்சி வேண்டும், ஒருவன் இருக்கிறான், இன்னொருவர் கேட்டதைச் சொன்னால் போதும் என்றார்.

முதலில் பயறு வேகவைத்து விற்கும் ஃபுதூஹை அழைத்தார்கள். விடியுமுன் அடுப்புக்குழியைத் திறப்பவன், தெருவிலேயே முதலில் எழுபவன். அன்றைக்குத் தூங்கிவிட்டதாகச் சொன்னான். படைவீரன் குறுக்கே வந்து, அன்று காலை இவனிடம்தானே பயறு வாங்கினேன் என்றான்.

“ஆமாண்ணே. தீஞ்சிருந்துச்சா இல்லையா, நீங்களே சொல்லுங்க. தூங்கிட்டேன், அதான்.”

படைவீரன் யோசித்துப் பார்த்து, தீய்ந்துதான் இருந்தது என்று ஒத்துக்கொண்டான். ஃபுதூஹின் பயறு தீயாத நாளே கிடையாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து ரொட்டி சுடும் ஜிர்ஜிஸ். கிறிஸ்தவர், விடிய விடிய அடுப்படியில் நிற்பவர். தூங்கினேன் என்று அவர் சொன்னால் பூனைகூட நம்பாது. மகாரிம் கண்ணை மூடிக்கொண்டார்.

“முழிச்சுத்தாங்க இருந்தேன்” என்றார் ஜிர்ஜிஸ். “ஆனா போன வருஷம் என் மாவு மூட்டை திருடு போச்சு. எடுத்தவனைக் கண்ணால பாத்தேன். முஸ்லிம் மேல கிறிஸ்தவன் சாட்சி செல்லாதுன்னு காஜியார் தொரத்திவிட்டாரு. இப்ப செல்லும்னா சொல்லுங்க. மொதல்ல அந்த மூட்டையிலேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

உதவியாளர் அவரைப் போகச் சொன்னார்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். ஒருத்தருக்குப் பலகாரம் தின்று மயக்கம். ஒருத்தருக்குக் காதில் பஞ்சு. கடைசியில் ஹாஜி அபூ தாஹிர் எழுந்து நின்றார். வாலிபத்திலிருந்து ஒரு விடியல் தொழுகைகூட விடாதவர், அதைத் தெருவில் ஒருவரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர். பாங்கை நீட்டி முழக்குவது பாவம் என்று மகாரிமோடு பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மகாரிம் மனசுக்குள் குல்லாயைத் தலையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டார்.

ஹாஜி தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நானும் தூங்கிட்டேன்” என்றார். “அன்னைக்கு எனக்குத் தொழுகை தவறிப்போச்சு.” சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். அதுவரை முற்றத்தில் கசிந்துகொண்டிருந்த சிரிப்பு நின்றுபோயிற்று.

உதவியாளர் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார்.

“பெருநாளும் அதுவுமா ஒரு தெருவே தூங்கியிருக்கு. ஒண்ணு, நீங்க எல்லாரும் பொய் சொல்றீங்க. இல்லேன்னா இந்த மோதினார் குரல் பத்தடிகூடப் போகல. ஒரு ஆளைக்கூட எழுப்ப முடியாதவரு எதுக்கு மினாராவுல நிக்கணும்?”

மகாரிமின் வாய் திறந்துவிட்டது. வாய்க்கால், தோட்டம், துண்டு எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தாயிற்று. பெண்கள் நின்ற திரைக்குப் பின்னாலிருந்து ரய்யா இருமினாள். ஒரு வெள்ளிக்கிழமை ஊரே அடக்கிக்கொண்ட இருமலையும் சேர்த்து இருமினாள். மகாரிம் வாயை மூடினார்.

“தொண்டை போயிடுச்சுங்க” என்றார்.

“அஸர் தொழுகை நேரமாச்சு. ஏறிச் சொல்லுங்க. நான் தெருக்கோடியில நின்னு கேக்கறேன்.”

படிகளில் ஏறும்போது அவருக்குக் கணக்குப் புரிந்தது. கணீரென்று சொன்னால் கீழே நிற்கிற அத்தனை பேரும் பொய்யர்கள். ஹாஜி சொன்னதும் வீண். ஆனால் பாங்கை வேண்டுமென்றே கொச்சைப்படுத்துவது எப்படி? அது அவர் வீட்டுச் சொத்து இல்லையே. மேலே நின்றார். சாய்ந்த வெயிலில் அரண்மனைக் கூரைகள் இன்னும் பொன்னாகத்தான் தெரிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சு தானாக விரிந்து மூச்சை நிரப்பிக்கொண்டது.

அந்த மூச்சை மெல்ல வெளியே விட்டார். ஆண்டவனுக்குக் கேட்கச் சத்தம் தேவையில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷமாக யாருக்காகக் கத்தினோம் என்று ஒரு சந்தேகம் வந்தது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார். பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வதுபோல, ஒரு சொல்லும் பிசகாமல், இழுப்பே இல்லாமல், சின்னக் குரலில் பாங்கு சொன்னார். பழைய வரி இருந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு மீதியைத் தொடர்ந்தார்.

இறங்கியபோது உதவியாளர் திரும்பி வந்திருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை என்றார். வயசானால் இப்படித்தான், மனசை விட்டுவிடாதீர்கள், பள்ளிவாசலில் விளக்கேற்றும் வேலையைப் பாருங்கள், வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார். அவர் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. அதுதான் மகாரிமுக்குத் தாங்கவில்லை. புகாரைத் தள்ளுபடி செய்துவிட்டு, படைவீரனை அழைத்துக்கொண்டு போனார்.

தொழுகை முடிந்து மகாரிம் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். ரய்யா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். அவர் தொடவில்லை.

“இங்க வரைக்குமாவது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“சும்மா சொல்லாத.”

“நெசமாத்தான். ஜிர்ஜிஸ் ரொட்டித் துடுப்பைக் கீழ வச்சுட்டாரு. செக்கு மாட்டை நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க பிள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. ஹாஜி சுவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. தெருவுல ஈ பறந்தா கேக்கும். கோடியில சந்தைச் சத்தத்துல நின்ன அந்த ஆளுக்கு மட்டுந்தான் கேக்கல. ஒவ்வொரு வரியும் கேட்டுச்சு. நீங்க சொல்லாத வரியும்.”

மகாரிம் ரொட்டியைப் பிட்டார், பிட்டதைக் கையிலேயே வைத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா” என்றார், “கடைசி வரியைக் கொஞ்சம் இழுத்திருப்பேன்.”