சீட்டுப் போடாத படம்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் ஷோபனா. வாசலில் ஐஸ் பெட்டிக்குள் அப்பா கிடக்கிறார், மேளக்காரர்கள் வந்தாயிற்று, மகள் இங்கே ஒட்டடையோடு மல்லுக்கட்டுகிறாள்!

"யக்கா, இன்னா பண்ணிக்கினு கீற? வாய்க்கரிசி போடக் கூப்புடறாங்க." தம்பி விஜய் எட்டிப் பார்த்தான்.

"போ, வரேன்."

எங்கே வருவது? அந்தப் படத்தைப் பார்க்காமல் அவளுக்குக் கால் நகராது. பாடி ஏரியாவில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. போன ஆடியில் அப்பா முதுகு வலி என்று வந்து நின்றார். சாப்பாட்டு நேரத்தில் சட்டென்று படுக்கவைத்து எடுத்துவிட்டாள். வீட்டு மனுஷருக்கு யார் பதிவுச் சீட்டுப் போடுவார்கள்? சீட்டில்லாத படம் டாக்டர் மேஜைக்குப் போகாது. அங்கே வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான். தானே ஒரு பார்வை பார்த்து, "தேய்மானம்பா, தைலம் தேச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டாள். மாசியில் கால் மரத்து அவர் விழுந்த பிறகுதான், முதுகெலும்பில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கிடைத்துவிட்டது. உறையைக் கிழிக்காத குறையாகப் படத்தை உருவி ஜன்னலில் பிடித்தாள்.

"முதுகுப் படத்துல ஒவ்வொரு எலும்பும் ஒரு ஆந்தை மூஞ்சிம்மா. ரெண்டு கண்ணு, நடுவுல மூக்கு. ஒரு கண்ணு காணோம்னா விடாத, எலும்ப எதுவோ தின்னுது." சென்டர் டாக்டர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

கீழிருந்து எண்ணினாள். எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிற ஐந்தாவதில் இரண்டு கண். நாலாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்றுதான். அப்போதே இருந்திருக்கிறது. அடிப்பாவி, எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? பிழைக்க வைத்திருக்க முடியாதோ என்னவோ. கடைசிவரை நடக்கவாவது வைத்திருக்கலாம்.

"அந்தப் படத்தையா தேடிக்கினு இருந்த?" அம்மா பின்னால் நின்றாள். "உங்கப்பா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாரு. எம்பொண்ணு எடுத்த படம்னு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. படத்தை உறைக்குள் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

அரிசி போட்டுவிட்டுத் திரும்பும்போது, அப்பாவோடு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் வேலை பார்த்த தினகரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கண்ணு, நேரங்காலம் தெரியாம கேக்கறேன்னு நெனச்சுக்காத. ரெண்டு மாசமா முதுகு உட மாட்டேங்குது. டாக்டரே வாணாம், ஷோபனா பாத்தா போதும்னு உங்கப்பன் சொல்லிக்கினே இருந்தான். ஒரு நாளைக்கு வரட்டா?"

"படுத்தா வலிக்குதா மாமா?"

"படுத்தாத்தாம்மா ஜாஸ்தி. இன்னாத்துக்குக் கேக்கற?"

தேய்மான வலி என்றால் படுத்தால் குறைய வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே வாங்க. சீட்டுப் போட்டு எடுக்கணும். டாக்டர் பாக்கணும்."

மேளம் ஓங்கியது. "தோள் குடுக்க வாய்யா தினகரா!" என்று பாடையருகிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"உடு கண்ணு, உங்கப்பனத் தூக்கணும்."

"நீங்க தூக்காதீங்க மாமா."

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.