நாத்தனாருக்கு ஒரு முழு பேக்கேஜ்

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கிவிட்டால் அந்த பார்லரில் உட்கார நாற்காலி கிடைக்காது. ஊரில் இருக்கிற அத்தனை பெண்களுக்கும் ஒரே வாரத்தில் புருவம் வளர்ந்துவிடும், ஒரே வாரத்தில் குதிகால் வெடித்துவிடும். அங்கே வேலை பார்ப்பவர்களில் மூத்தவள் என்பதால் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதான முதலாளி மேடம்கூட அப்படித்தான். தோள், முதுகு பிடித்துவிடுவதில் அவள் கை பேர்போன கை. 'பெரியக்கா இருக்காங்களா?' என்று போனில் கேட்டுவிட்டு, இல்லை என்றால் அப்புறம் வருகிறேன் என்று வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் தோளோ பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. காலையில் தலை சீவக் கையைத் தூக்கினால் உயிர் போய் உயிர் வந்தது. மதியச் சாப்பாடு நின்றபடிதான். அதுவும் ஒரு வாய் உள்ளே போவதற்குள், "பெரியக்கா, அடுத்த ஆள் வந்து படுத்தாச்சு!" என்று குரல் வந்துவிடும். சரி, வீட்டுக்குப் போய் முதுகைச் சாய்க்கலாம் என்றால் வீட்டில் நாத்தனார்.

புருஷனின் ஒரே தங்கை. ஒரு பெரிய ஆபீஸில் பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்குகிற வேலை. விடுமுறைக்குக் கணவன், பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கியிருந்தாள். வந்த அன்றைக்கே, செருப்பைக் கழற்றிய கையோடு சொல்லிவிட்டாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. வருஷம் பூரா ஓடி ஓடி எனக்கு அலுத்துப் போச்சு. தினமும் மதியம் சாப்பிட்டதும் கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துருவேன். நானா எந்திரிச்சு வர்ற வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது."

சொன்னபடியே செய்தாள். அவள் சாத்திக்கொண்ட கதவு பெரியக்காவின் படுக்கையறைக் கதவு. விருந்தாளிகளுக்கு அறையை விட்டுக்கொடுத்துவிட்டுப் பெரியக்கா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். அதுகூடப் பரவாயில்லை. வார விடுமுறை நாளில் அவள் வீட்டில் இருந்தபோது கண்ணால் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பெற்ற பிள்ளைகள் அந்தக் கதவுக்கு முன்னால் பூனை மாதிரி நடந்தார்கள். "உஷ்! அத்தை தூங்குறாங்க" என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டார்கள். இதே பிள்ளைகள், அம்மா தலைவலி என்று கண்ணை மூடினால், 'என் இன்னொரு சாக்ஸ் எங்க?' என்று போர்வையை விலக்கிக் கேட்கிறவர்கள்.

"பாவம், வருஷம் பூரா உழைக்கிறா" என்றான் புருஷன், அதே கதவைப் பார்த்தபடி.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெரியக்காவுக்கு, 'நான் என்ன வருஷம் பூரா ஊஞ்சலா ஆடுறேன்?' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அது வயிற்றில் போய் எரிந்தது.

நாத்தனாரின் நகையைப் பார்த்தோ துணிமணியைப் பார்த்தோ அவள் ஒருநாளும் பொறாமைப்பட்டதில்லை. இப்போது பட்டது தூக்கத்தைப் பார்த்து. தூங்கி எழுந்து, கன்னத்தில் தலையணைத் தழும்போடு, "அண்ணி, டீ இருக்கா?" என்று வருகிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. இவளோ கொஞ்சம் உட்கார்ந்தால்கூட யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கையில் ஒரு துணியை எடுத்து மடிக்கிற ஜாதி.

இப்படிப் பொருமிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மேடம் கல்லாவில் இருந்தபடியே கூப்பிட்டார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியக்கா, உங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு. இன்னைக்கு சாயங்காலம் ஒரு முழு பேக்கேஜ் புக் பண்ணியிருக்காரு. தலை, தோளு, முதுகு, காலு, எல்லாம். 'வீட்ல ரொம்ப அலுத்துப் போயிருக்காங்க, நல்லா கவனிச்சுக்குங்க'ன்னு சொன்னாரு."

"யாருக்காம்?"

"இதென்ன கேள்வி? உங்களுக்குத்தான். எனக்கும் ஒருத்தர் இருக்காரே, வாசல் தாண்டி ஒரு பூ வாங்கிக் குடுத்திருப்பாரா? குடுத்து வச்சவங்க நீங்க."

கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிற மனுஷன், பெரியக்கா தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதை எப்போது கவனித்தான்? அன்று காலை முழுவதும் அவனுடைய பழைய குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து மன்னித்தாள். பிறந்த நாளை மறந்தது, மாமியார் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றது, எல்லாவற்றையும். நாத்தனார் மீதுகூட இரக்கம் வந்தது. தூங்கட்டுமே, பாவம்.

புருவம் திருத்துகிற பெண்ணுக்கு அங்கே குருவி என்று பேர். கையும் வாயும் ஒரே வேகம். அவள் விடவில்லை.

"பெரியக்கா, உங்களுக்கு நான்தான் பண்ணுவேன். எங்களை எல்லாம் படுத்துன பாட்டுக்கு இன்னைக்கு வட்டியும் முதலுமா வாங்கிக்கப் போறீங்க."

"தோள்ல மட்டும் நல்லா அழுத்திப் பிடிடி. கூச்சப்படாத."

சாயங்காலம் நெருங்கியதும் பின்பக்கக் குளியலறைக்குப் போய்க் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தன் குதிகால் வெடிப்பைக் குருவி பார்த்துச் சிரிப்பாளே என்ற வெட்கம். உள்ளறை மசாஜ் மேசையில் துவைத்த விரிப்பைத் தானே விரித்தாள், எண்ணெயைத் தானே சூடு பண்ணினாள். கொண்டையை அவிழ்த்துக் கூந்தலைத் தோளில் விட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் உள்ளே வந்தாள்.

"அண்ணி! அண்ணன் புக் பண்ணிட்டான். உங்ககிட்டச் சொன்னானா?"

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டு கல்லாவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். பெரியக்கா அவிழ்த்த கூந்தலை அள்ளி மறுபடி முடிந்துகொண்டாள். முகத்தில் சிரிப்பு மட்டும், கிளம்ப மறந்த விருந்தாளி மாதிரி, இன்னும் உட்கார்ந்திருந்தது.

"வாம்மா" என்றாள்.

குருவி சட்டென்று முன்னால் வந்து, "வாங்க மேடம், நான் பண்றேன்" என்றாள்.

"ஐயோ, வேணாம். எனக்கு எங்க அண்ணி கைதான் வேணும். ஊரே இந்தக் கையைப் பத்திப் பேசுது, கூடப் பொறந்த அண்ணன் வீட்ல வச்சுக்கிட்டு நான் வேற கைய எதுக்குத் தேடணும்?"

ஆக, பெரியக்கா விரித்த விரிப்பில் நாத்தனார் படுத்தாள். தான் சூடு பண்ணிய எண்ணெயைப் பெரியக்கா அவள் முதுகில் ஊற்றினாள். உள்ளே கொதித்ததை எல்லாம் கட்டைவிரலில் இறக்கி, தோள்பட்டைக்குக் கீழே வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். அலறட்டும் என்றுதான்.

"அப்பாடா! அங்கதான் அண்ணி! அங்கயேதான்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

இன்னும் அழுத்தினாள். நாத்தனார் இன்னும் சொக்கிப் போனாள். வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு நல்ல மசாஜ் வரும் என்று இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "உங்க அண்ணனுக்கு எப்படி இந்த யோசனை வந்துச்சு?"

"அவனுக்கா? யோசனையா?" முகத்தைத் தலையணையில் புதைத்தபடியே நாத்தனார் சிரித்தாள். "அவனுக்குப் பசிக்கிறதையே நாமதான் சொல்லணும். நான் கேட்டேன் அண்ணி. 'துணியெல்லாம் எடுத்துத் தராத, முதுகு வலிக்குது, அண்ணி பார்லர்ல புக் பண்ணிக் குடு'ன்னேன். ஒடனே போனப் போட்டான்."

"கேட்டதும் குடுத்துட்டாரா?"

"கேட்டா குடுக்காம? நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் கேக்கல."

"அதான் ஒண்ணும் வரல" என்றாள் நாத்தனார். குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

பெரியக்கா எண்ணெய்க் கையோடு நின்றாள். அந்த ஒரு வார்த்தை தோள்வலியைவிட அதிகமாக வலித்தது. கால் கழுவுகிற நேரம் வந்தபோது, வேண்டுமென்றே வெந்நீர் கலக்காமல் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, தூங்குகிறவளை எழுப்பி உட்காரவைத்துக் காலை அதில் வைத்தாள். நாத்தனார் அரைக்கண் திறந்து, "ஜில்லுன்னு எவ்வளவு சுகமா இருக்கு!" என்றாள். இதற்குமேல் என்னதான் செய்வது?

இருவரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினார்கள். நாத்தனார் காற்றில் மிதந்து போனாள். பெரியக்கா காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். சமையலறைத் தொட்டியில் மதியப் பாத்திரம் மலையாகக் கிடந்தது. புருஷன் உற்சாகமாக வந்தான்.

"என்ன, நல்லா தூங்குனாளா?"

"அது எனக்குன்னு நெனச்சேன்" என்றாள் பெரியக்கா.

"எது?"

"நீங்க புக் பண்ணுனது. எனக்குன்னு நெனச்சேன்."

அவன் சிரித்தான். "உனக்கா? நீதான் நாள் பூரா அங்கயே இருக்கியே! மீன்காரன் வீட்டுக்கு யாராவது மீன் வாங்கிட்டுப் போவாங்களா?"

"அங்க எனக்கு நிக்கத்தாங்க எடம் இருக்கு. படுக்க இல்ல." அவள் குரல் உடைந்தது. "காலெல்லாம் கழுவிட்டுக் காத்துக்கிட்டிருந்தேன். அத்தனை பேரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. உங்க தங்கச்சி உள்ள வர்றா."

அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பெரியக்கா காய்கறிப் பையை அவன் காலடியில் வைத்தாள். நேராகப் படுக்கையறைக்குப் போனாள். கட்டிலில் கிடந்த நாத்தனாரின் பையைத் தூக்கித் தரையில் வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தாள். அவள் கை எந்தத் துணியையும் எடுத்து மடிக்கவில்லை.

உடனே கதவில் ஒரு தட்டல். "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" மறுபடியும் தட்டல். பிறகு நாத்தனாரின் குரல்.

"யாரும் கதவத் தட்டக் கூடாது. அண்ணி படுத்திருக்காங்க. அண்ணா, நீ போய்ப் பாத்திரத்தத் துலக்கு."

"நானா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரரா வந்து துலக்குவாரு?"

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியக்கா இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் அமைதியைக்கூட நாத்தனார்தான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பாத்திரம் துலக்குகிறான். நான் சொன்னால் துலக்குவானா? நான் எப்போது சொன்னேன் என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. அது பிடிக்காமல் புரண்டு படுத்தாள்.

எழுந்து வந்தபோது சமையலறைத் தரையெல்லாம் ஈரம். கரண்டிகள் கண்ட இடத்தில் இருந்தன. சோறு குழைந்து கூழாகிவிட்டது. ஆனால் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பட்டினியால் சாகவில்லை. அவளுக்கும் ஒரு தட்டு மூடி வைத்திருந்தார்கள். உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"என்னங்க, எனக்கும் அதே மாதிரி புக் பண்ணுங்க. விடுமுறை முடியறதுக்குள்ள."

"சரி" என்றான் அவன். "என்னைக்குன்னு சொல்லு, நாளைக்கே போன் பண்றேன்."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. எதிரே நாத்தனார் ஊறுகாயை நக்கிக்கொண்டு, "குருவின்னு ஒரு பொண்ணு இருக்குல்ல அண்ணி, அதுகிட்டப் பண்ணிக்குங்க" என்றாள். இதையும் நீயே சொல்லு என்று நினைத்துக்கொண்டாள் பெரியக்கா.

வாரக் கடைசியில் அவள் அந்த மேசையில் படுத்தாள். வெளியே நாற்காலிகள் நிறைந்து வழிந்தன. "பெரியக்கா, ஒரே ஒரு நிமிஷம்!" என்று மேடம் கூப்பிட்டார்கள். எழுந்துகொள்ளப் போனவளைக் குருவி தோளில் கை வைத்து அமுக்கினாள். "அவங்க படுத்திருக்காங்க மேடம்!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

குருவியின் கை நல்ல கைதான். ஆனாலும் தூக்கம் வரவில்லை. கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம், யார் உள்ளே வருகிறார்கள், யாருக்கு என்ன தீர்ந்துபோனது, எல்லாம் காதில் விழுந்தது. நாத்தனார் படுத்ததும் குறட்டை விட்டாளே, அது எப்படி முடிகிறது, அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும் போல என்று மறுபடி வயிறு எரிந்தது.

"பெரியக்கா, எனக்கு ஹெல்ப் பண்ணாதீங்க" என்றாள் குருவி.

"நான் என்னடி பண்ணேன்?"

"உங்க விரலப் பாருங்க."

பார்த்தாள். அவள் கட்டைவிரல்கள் இரண்டும் மேசை விளிம்பை அழுத்தி அழுத்திப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கே சிரிப்பு வந்தது. குருவி அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைக்கு வெளியே தொங்கவிட்டாள். சிறிது நேரம் அவை அப்படியே தொங்கின.