ஓடைச் சேற்றில் முத்துத்தாய்

எழுபத்தொன்பதாம் வருடம், சித்திரை மாதம். இடைசெவலுக்குக் கிழக்கே கரிசல் காட்டில் காய்ந்த பருத்திமாரை அடுப்பெரிக்கப் பிடுங்கி, ஆளுக்கொரு கட்டாகத் தலையில் வைத்து முத்துத்தாயும் அவள் தங்கச்சி வெயிலம்மாளும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்காளுக்குப் பதின்மூன்று வயது, தங்கச்சிக்கு எட்டு. சற்றுமுன்தான் ஒரு கோடைமழை கொட்டி ஓய்ந்திருந்தது. மேற்கே வானம் இன்னும் கறுத்துக் கிடந்தது.

ஓடையைத் தாண்டினால் ஊர். முத்துத்தாய்தான் முதலில் இறங்கினாள். நடு ஓடையில் வலது கால் முழங்கால்வரை புதைந்தது. அதை உருவப் பார்த்தபோது இடது கால் தொடைவரை போய்விட்டது. தலைச்சுமை சரிந்து முன்னால் விழுந்தது.

“யக்கா, கையப் பிடி, நான் வாரேன்!”

“எறங்காதட்டி! அங்கனயே நில்லு!”

பதறப் பதறச் சேறு இழுத்தது. அதனால் அசைவதை நிறுத்தி, பருத்திமார்க் கட்டின் மேல் நெஞ்சைச் சாய்த்துப் படுத்தாள். வலது காலை மெல்ல மெல்ல ஆட்டினாள். வெகுநேரம் கழித்து அது வந்தது. இடது கால் வரவில்லை.

ஓடையின் மேல்பக்கமிருந்து ஓர் இரைச்சல் கேட்டது.

“யக்கா, தண்ணி! நொரையா வருது!”

முத்துத்தாய் தலைச் சும்மாட்டுத் துணியால் தன் மணிக்கட்டைக் கட்டின் கயிற்றோடு சேர்த்து முடிந்தாள். முடிச்சை இறுக்கியதுமே வெள்ளம் விலாவில் அறைந்தது. வாய்நிறையக் கலங்கல் தண்ணீர். மூச்சில்லை. வெள்ளம் சேற்றைக் கரைத்தது. சட்டென்று இடது கால் வழுக்கி வெளியே வந்தது. கட்டு மிதந்து அவளை இழுத்துக்கொண்டு ஓடியது.

வளைவில் ஓர் உடைமுள் மரம் தண்ணீர்மேல் தாழ்ந்து கிடந்தது. முள்ளைப் பார்க்க நேரமில்லை. எட்டிக் கிளையைப் பிடித்தாள். ஆனால் அவளைக் காப்பாற்றிய அதே கட்டு இப்போது மறு கையைப் பிடுங்கியது. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. துணி முடிச்சைப் பல்லால் கடித்துக் கடித்து அவிழ்த்தாள். கட்டு போனது. அவள் கிளையோடு ஊர்ந்து கரையேறினாள்.

கரையோரமாகவே ஓடி வந்த வெயிலம்மாளின் கண்ணில் பட்டது ஆளில்லாமல் மிதந்துபோன கட்டு மட்டும்தான்.

“யக்கா!” என்று அலறி மண்ணில் விழுந்தாள்.

“ஏட்டி... இங்கன இருக்கேன்.”

வெயிலம்மாள் ஓடி வந்து அக்காளின் முதுகில் ரெண்டு அடி வைத்தாள். “நீ செத்துப்போயிட்டேன்னுல்லா நெனச்சேன்!”

பிறகு அழுதுகொண்டே அக்காளின் உள்ளங்கையில் ஏறியிருந்த முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். அக்கரையில் ஊர் ஆட்கள் வந்து கூப்பிட்டபோதும் அவள் அந்தக் கையை விடவில்லை.