ஒரு நாள் பிந்திப் பூக்கும் செடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. ரானாவ் மலைச்சரிவில் ரப்பர் சீவும் மைலின், தன் செடிக்காகப் படித்த மனிதர் ஒருவரோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொல்கிறேன்.

அன்று காலை கதவைத் திறந்தால் ஊரே வெள்ளையாக இருந்தது. ரப்பர் மரம், மாமரம், தேவாலயத்து வேலியோரம் என்று ஒன்று விடாமல், மரத்தில் ஒட்டி வளர்கிற புறாப்பூ என்ற ஆர்க்கிட் மலர்ந்திருந்தது. வெயில் காய்கிற நாளில் திடீரென்று குளிர்மழை அடித்தால், சரியாக ஒன்பதாம் நாள் ஊரிலிருக்கும் அத்தனை புறாப்பூச் செடியும் ஒன்றாகப் பூக்கும். ஒரு பகல்தான் அதற்கு ஆயுசு. மைலின் வீட்டுப் பின்னால் லங்சாட் பழமரத்தில், தேங்காய் நாரால் கட்டியிருந்த செடியில் மட்டும் மொட்டுகள் இறுக மூடிக் கிடந்தன.

அதில் அவளுக்குக் கவலையில்லை, அது பத்தாம் நாள் பூக்கிற செடி. நாலு வருஷத்துக்கு முன் மண்சரிவில் சாய்ந்த பெருமரத்தின் உச்சியிலிருந்து எடுத்து வந்தாள். அந்தச் சரிவில் இப்போது வெறும் செம்மண்தான். பதினொரு மழைக்கு எண்ணிப் பார்த்துவிட்டாள், ஒருதரமும் தப்பவில்லை. கவலையெல்லாம், பத்தாம் நாள் வரச் சொல்லியிருந்த தாவர ஆய்வாளர் வில்பிரட் இன்றைக்கே வந்து வாசலில் நின்றதுதான்.

"பத்தாம் நாள்னு சொன்னேனே, டாக்டர்?"

"புறாப்பூ ஒம்பதாம் நாள்தானே அக்கா. நீங்க எண்ணுனதுல ஒண்ணு பிசகியிருக்கும்னு வந்துட்டேன்."

மரத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த கணவன் கிம்பாங் தலையை நிமிர்த்தினான். "இவ பெத்த நாலு புள்ளையும் சொன்ன தேதியில பொறக்கல. செடிக்கு மட்டும் கணக்கு சரியா வந்துருமா?"

"புள்ளைங்க உன்னை மாதிரி. செடி என்னை மாதிரி."

வில்பிரட் சிரித்துக்கொண்டே இலையைத் திருப்பிப் பார்த்தார், தண்டைத் தடவினார். "எல்லாம் புறாப்பூதான் அக்கா. நிழல்ல இருக்குல்ல, கொஞ்சம் சோம்பேறி." பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

அவர் 'புறாப்பூ' என்ற அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் இனி இதைப் பார்க்க எவரும் மலையேறி வரமாட்டார்கள். இது தனிச் செடி என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அவளோடு அது முடிந்துபோகும். கெஞ்சிப் பழகாத வாய் அவளுக்கு.

"எழுதுங்க. ஆனா நாளைக்குக் காலையில எழுதுங்க."

"நாளைக்கு ஆபீஸ்ல கூட்டம் இருக்கு அக்கா."

"கூட்டம் அடுத்த மாசமும் நடக்கும். இது மறுபடி எப்பப் பூக்கும்னு மழைகிட்டதான் கேக்கணும். என் பேச்சு தப்பாப் போனா, காட்டுலேருந்து இந்த வீட்டுல சேத்து வச்சிருக்கற நூத்திப் பதினேழு செடியையும் வண்டியில ஏத்திட்டுப் போங்க."

கிம்பாங்கின் கை தீட்டுகல்லில் அப்படியே நின்றது. "அடியே, அதுல பாதி நான் மரமேறி எடுத்தது."

"அப்ப நீயும் வேண்டிக்க."

வில்பிரட் நோட்டை மூடிப் பையில் போட்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மதியம் பம்பாங்கான் என்கிற காட்டுமாங்காய் ஊறுகாயோடு இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

மறுநாள் விடிந்தபோது ஊர்ப் புறாப்பூவெல்லாம் நனைந்த காகிதம்போல் துவண்டு தொங்கின. லங்சாட் மரத்தில் பதினான்கு பூக்கள் விரிந்திருந்தன. கட்டைவிரல் நகமளவுதான் ஒவ்வொன்றும். அடியிதழில் புறாப்பூவின் மஞ்சள் இல்லை, செம்பு நிறத்தில் மெல்லிய மயிர் வரிசை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஒரு வாசம்.

வில்பிரட் லென்சை வைத்துக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா, இதை முன்னாடி யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"ஊர்ல எல்லார்கிட்டயும். புறாப்பூன்னாங்க."

"நான் இதுவரைக்கும் இப்படி ஒண்ணு பாத்ததில்ல." நோட்டில் பெயருக்கான இடத்தை வெறுமனே விட்டுவிட்டுக் கீழே கோடு போட்டார். "எந்தெந்த மழை, எந்தெந்த நாள்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

"யாரு சோம்பேறின்னு அதுலயே எழுதிக்கச் சொல்லு," என்றான் கிம்பாங். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட ஓடினான், சட்டைகூடப் போடாமல்.

மூன்றாம் வகுப்போடு நின்ற மைலின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலு வருஷத்து மழைகளை வரிசையாகச் சொன்னாள். கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, டாக்டர் ஒவ்வொன்றாக எழுதினார். ஊரில் வேறு பூவில்லாத அந்தக் காலையில், தேனீக்களெல்லாம் அவள் தலைக்கு மேலே அந்த ஒரு கொத்தையே சுற்றிக்கொண்டிருந்தன.

உங்கள் வீட்டில் எது பூத்தாலும் அதனதன் நாளில் பூக்கட்டும், கண்ணுகளா. அதைப் பார்க்க வீடு நிறைய ஆட்கள் இருக்கட்டும்.