மூன்றாவது பாட்டில்

லேபில் பெயின்ட் வேலை மூன்று வாரம் நடக்கும் என்றார்கள். அதனால் என் மூன்று பாட்டில்களும் எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குக் குடிவந்தன.

அவற்றில் இருந்தது ஆழ்துளை நீர். பாறையோடு காலங்காலமாகக் கலந்து, சோப்புத் தண்ணீரைவிடக் காரமாகிவிட்ட நீர். பி.எச். பன்னிரண்டு. பாறையும் நீரும் சேரும்போது உண்டாகும் ஹைட்ரஜனைத் தின்று அதிலும் கிருமிகள் வாழ்கின்றன என்பதுதான் என் ஆய்வு. பதினோரு மாதம் வளர்த்த பிறகும் பேராசிரியை நம்பவில்லை. உன் கையிலிருந்து விழுந்த சாதாரணக் கிருமியாக இருக்கலாம், ஒரு பாட்டிலில் காரத்தை இறக்கிப் பார் என்றார். சாதாரணக் கிருமி என்றால் கொழிக்கும். பாறைக் கிருமி என்றால் சாகும். அதைக் காட்டாமல் ஆய்வேட்டில் கையெழுத்துக் கிடையாது. இருப்பதே மூன்று பாட்டில். எனக்கு மனம் வரவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் சோதித்தேன். இரண்டில் பன்னிரண்டு. மூன்றாவதில் ஏழரை, சாதாரணக் குழாய்த் தண்ணீர் போல.

என் கணவருக்கு நீச்சல் குளப் பராமரிப்பு வேலை. சட்டைப் பையில் பேனா இல்லாமல் போவார், பி.எச். பார்க்கும் காகிதப் பட்டை இல்லாமல் போகமாட்டார்.

"ஏங்க, இதுல என்ன பண்ணீங்க?"

"பன்னிரண்டு காட்டுச்சும்மா. அந்தத் தண்ணில எது பொழைக்கும்? பாவம்னு ரெண்டு சொட்டு ஆசிட் விட்டேன். மூடியைத் தொறக்கலை, உன்னை மாதிரியே ரப்பர் வழியா ஊசியாலதான்."

கோபத்தில் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினேன். அன்று இரவு அவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துச் சோபாவுக்குப் போய்விட்டார்.

மறுநாள் லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மற்ற இரண்டு பாட்டில்களிலும் கூட்டம் பெருகியிருந்தது. மூன்றாவதில் எல்லாம் செத்துக் கிடந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை. பாட்டிலைத் திருப்பினால் பின்புறம் ஒரு சீட்டு. குளத்துப் பதிவேட்டில் எழுதுவது போலவே தேதி, நேரம், ஆசிட்டின் அளவு, முன்னால் பன்னிரண்டு, பின்னால் ஏழரை, கீழே அவர் கையெழுத்து.

பேராசிரியை அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். நீ ஒரு நாளும் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லையே என்று கேட்டுவிட்டு ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

வீட்டில் சோபாவிலிருந்து குரல் வந்தது.

"என்னாச்சு?"

"போட்டுட்டாங்க. உங்க சீட்டாலதான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப மத்த ரெண்டையும் சரிபண்ணிடவா?"

நான் அவர் சட்டைப் பையிலிருந்து பட்டைகளை எடுத்து என் கைப்பையில் போட்டுப் பூட்டினேன். பிறகு தலையணையை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொன்னேன்.